தமிழ் நாவுக்கு ஆங்கில ஒலிப் பயிற்சி

கடலூர்–விழுப்புரம் ரயில் பாதையில் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையில் உள்ளது மேல்பட்டாம்பாக்கம். இந்த ஊர்ப்பெயரில் பகரம் இரண்டு இடங்களில் வருகிறது. ‘பட்டாம்’ என்னும்போது உதடு வெடித்துத் திறக்கிறது, குரல்நாண் அதிர்வதில்லை. மகர மெய்யை அடுத்த ‘பாக்க’த்தில் அதே எழுத்து அதிர்வோடு ஒலிக்கிறது. ஊர்க்காரர் எவரும் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை. தமிழில் வல்லினம் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி தானாக அமைந்துவிடும். ஆங்கிலத்திலோ அதிர்வுள்ள ஒலியும் அதிர்வற்ற ஒலியும் வெவ்வேறு எழுத்துகள். மாற்றிச் சொன்னால் பொருளே மாறும். பை, முதுகு, பொட்டலம் மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘பேக்’தான். தமிழ் பேசுவோரின் ஆங்கில உச்சரிப்புச் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினம் தமிழில் மெலிந்துவிடும். வன்மை குறையாமல் ஒலிக்க வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரட்டிக்காத சொற்கள் தமிழுக்கு வந்ததும் ‘பேப்பர்’, ‘மோட்டார்’ என்று ஆனது அதனால்தான். சொல்லின் ஈற்றில் நிற்கக்கூடிய மெய்கள் என்று தொல்காப்பியம் சொல்லும் பதினொன்றில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. பேச்சில் நாக்கு இன்றும் அந்த விதிப்படியே நடந்து ‘லைட்டு’, ‘பஸ்ஸு’ என்கிறது. சொல்முதலில் மெய்கள் சேர்ந்து வருவதும் அதற்குப் பழக்கமில்லை. ஸ்கூல் ‘இஸ்கூலு’ ஆகிறது. எகரத்தின் முன் யகரமும் ஒகரத்தின் முன் வகரமும் ஒட்டிக்கொள்வதால் ‘யெக்ஸாம்’, ‘வொன்லி’ பிறக்கின்றன. சோம்பலாலோ அறியாமையாலோ இவை நேர்வதில்லை. ஒரு மொழியை ஒழுங்காகக் கற்ற நாக்கின் பழக்கம் இது. பயிற்சியாளர் முதல் நாளே இதை விளக்கிவிட்டால் மாணவரின் கூச்சத்தில் பாதி அப்போதே போய்விடும்.

எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் பயிற்சியின் பலன் இருக்கிறது. 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து ஆர்.கே. பன்சால் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் வெளிநாட்டார் காதுக்கு எந்த அளவுக்குப் புரிகிறது என்பதை அளந்தது. ஆங்கிலேயருக்குச் சராசரியாக 70 விழுக்காடு புரிந்தது. புரியாமல் போனதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று சொல்லழுத்தம். தமிழில் அழுத்தம் மாறினால் சொற்பொருள் மாறாது. அதனால் தமிழ்ச் செவி அதைத் தேடுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில் அழுத்தம் பெறும். ‘ஃபோட்டோகிராஃபர்’ இரண்டாம் அசையில் பெறும். அழுத்தம் நகர்ந்ததும் முதல் அசையின் ஓகாரம் சுருங்கி மங்கலான அகரமாகிறது. எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொன்னால், ஒலிகள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் சொல் கேட்பவரின் பிடிக்குள் வராது.

1995இல் கனடாவின் ஆய்வாளர்கள் மன்ரோவும் டெர்விங்கும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு தெளிவைத் தந்தது. அயல்மொழிச் சாயல் தூக்கலாகத் தெரிந்த பேச்சையும் கேட்டவர்கள் பல இடங்களில் ஒரு சொல் பிசகாமல் எழுதிக் கொடுத்தார்கள். சாயல் வேறு, புரிதல் வேறு. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய நூல், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தமக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எந்த ஒலிகள் இன்றியமையாதவை என்று பிரித்துக் காட்டியது. உயிரின் குறில் நெடில் வேறுபாடு அதில் உண்டு. ‘ஷிப்’, ‘ஷீப்’ இரண்டையும் பிரித்துச் சொல்வது தமிழருக்கு இயல்பிலேயே கைவந்தது. தகரத்தையொட்டிய ஆங்கில உரசொலியை அவர் கட்டாயமாக்கவில்லை. ‘திங்க்’ என்பதைத் தமிழ்த் தகரத்தால் சொன்னாலும் புரியும். சொல்லழுத்தத்தை அவர் கட்டாயப் பட்டியலில் சேர்க்காதது பன்சாலின் முடிவோடு முரண்படுவதுபோல் தோன்றலாம். பன்சாலின் 70 விழுக்காடு, ஆங்கிலேயர் செவியை வைத்து வந்த கணக்கு. ஜென்கின்ஸ் பார்த்தது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களை. யாரோடு பேசப் போகிறோம் என்பதை வைத்தே பாடத்தை வகுக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே படித்து ஆங்கிலப் பேச்சில் உச்சம் தொட்டவர் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. 1869இல் வலங்கைமானில் பிறந்தார், கும்பகோணத்தில் கற்றார், பள்ளி ஆசிரியராக இருந்தார். ஆங்கிலச் சொற்பொழிவுக்காக ‘வெள்ளி நாவினர்’ என்று புகழப்பட்ட அவர், 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.

சென்னையில் கால் சென்டர்கள் பெருகியபோது ‘வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட்’ பயிற்சி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. தாய்மொழித் தாக்கத்தை அங்கே ‘எம்டிஐ’ என்று சுருக்கிச் சொல்வார்கள், ஏதோ நோயின் பெயரைப்போல. அமெரிக்க ரகரத்தை நாக்கைச் சுருட்டிப் பழக வாரக்கணக்கில் செலவிடுவது வீண். அந்த நேரத்தில் பகரத்தைச் சரிசெய்யலாம். ஆங்கிலச் சொல்முதலில் அதிர்வற்ற பகரம் வரும்போது உதட்டிலிருந்து காற்று குபுக்கென வெளியேற வேண்டும். அந்தக் காற்று இல்லையென்றால் குண்டூசியைச் சொன்னால் கேட்பவர் காதில் குப்பைத்தொட்டி என்று விழும். வாய்க்கு நேரே நான்கு விரல் தள்ளி மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு ‘பின்’ என்று சொல்ல வேண்டும். தாள் துடித்தால் சரி. அதிர்வுள்ள பகரத்துக்குத் தாள் அநேகமாக அசையாது. தொண்டையில் வைத்த விரல் அதிர்வை உணரும். ‘ஃபேன்’ என்பதற்குக் கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டும். இரு உதடும் மூடினால் அது பேன்.

அழுத்தத்துக்கு அகராதியே ஆசான். புதுச்சொல் ஒவ்வொன்றையும் அழுத்தக் குறியோடு எழுதி, அந்த அசையில் மேசையைத் தட்டிச் சொல்லிப் பழக வேண்டும். பிறகு வானொலிச் செய்தியின் ஒரு நிமிடத்தை, வாசிப்பவரை ஒட்டியே கூடச் சொல்லி, அதைக் கைபேசியில் பதிய வேண்டும். அந்தப் பதிவை மாணவரை அறியாத ஒருவரிடம் கொடுத்துக் கேட்டபடி எழுதச் சொன்னால், அவர் தவறாக எழுதிய சொற்களே அடுத்த வாரப் பாடம்.