பிறந்தநாள் விழாவும் உடன்பிறந்தோரும்

திருமண அழைப்பிதழில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என அச்சிடுவது நம் வழக்கம். கேக்கும் மெழுகுவத்தியும் வைக்கும் குழந்தைப் பிறந்தநாள் விழாவோ 18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் இருந்தது. பின்னர் ஆங்கிலேயர் வழியாக நம்மிடம் வந்தது. இதில் அழைப்பு பெயர் குறித்த குழந்தைக்கே உரியது. விருந்தும் பரிசுப் பொருளும் தலைகளை எண்ணியே வாங்கப்படுகின்றன. ஆகவே தம்பி தங்கையரை உடன் அழைத்துச் செல்லுமுன் கேட்டறிதல் பண்பாகும். அவர்களுக்கும் பரிசு எதிர்பார்த்தல் கூடாது.

ஆயினும், பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குச் செல்லும் வீட்டில் தம்பியை இடுப்பில் சுமப்பவள் பள்ளி செல்லும் அக்காள்தான். அவனை விட்டுவிட்டு வரச் சொல்வது, அவளையே வரவேண்டாம் என்பதாகும். அவளாகக் கேட்கவும் கூசுவாள். எனவே, “தம்பியையும் கூட்டிக்கொண்டு வாம்மா” என அழைப்பவரே முந்திச் சொல்லிவிடுதல் நன்று.