சிறுநீரகக் கட்டி: இரண்டாவது பயணம் தேவைதானா?

சேத்தியாத்தோப்பைச் சேர்ந்த ஒருவர் வயிற்றுவலிக்காகச் சிதம்பரம் சென்று சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். குடல்வால் அழற்சிதான் வலிக்குக் காரணம் எனத் தெரிந்துவிடுகிறது. ஆனால், அறிக்கையின் கடைசி வரியில் வேறொரு செய்தி இருக்கிறது: இடது சிறுநீரகத்தில் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி. அதன் தன்மையை உறுதி செய்ய மறுபரிசோதனை தேவை. அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் உறக்கம் வராது.

இப்படித் தற்செயலாகத் தென்படும் சிறுநீரகக் கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் நீர்க்கட்டிகளே. 50 வயதைக் கடந்தவர்களிடம் இவை மிகச் சாதாரணம். பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. சில மட்டுமே புற்றுநோயாக இருக்கும். அந்தச் சிலவற்றைத் தவறவிட்டால் உயிருக்கு ஆபத்து. பலவற்றைத் தவறாகச் சந்தேகித்தால் தேவையற்ற அறுவை சிகிச்சை, வீண்செலவு, அச்சம். எனவே, எது எது எனப் பிரித்தறிவதே மருத்துவர்முன் உள்ள சவால்.

சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு பொருளின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. கருவியைக் கண்டறிந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் இந்த அளவு அழைக்கப்படுகிறது. கட்டி முழுவதும் சீராக 20 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், அது நீர்க்கட்டி என அமைதி கொள்ளலாம். சிக்கல் அதற்கு மேல்தான். உள்ளே ரத்தம் கசிந்து தடித்துப்போன நீர்க்கட்டியும் 50 காட்டும். புற்றுத்திசுவும் 50 காட்டும். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். வெளுத்ததெல்லாம் பாலாகிவிடாதே!

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ரத்த ஓட்டம். வளரும் கட்டிக்கு ரத்தம் வேண்டும். நீர்க்கட்டியின் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை. ஆகவே, அயோடின் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி, அதற்கு முன்பும் பின்பும் படமெடுத்து ஒப்பிடுவது வழக்கம். எண் 20-க்கு மேல் உயர்ந்திருந்தால் கட்டிக்குள் ரத்தம் பாய்கிறது என்று பொருள். ஆனால், வயிற்றுவலிக்காக எடுக்கப்படும் ஸ்கேன் பெரும்பாலும் மருந்து செலுத்திய பின்னர் மட்டுமே எடுக்கப்படுகிறது. ஒப்பிடுவதற்கு முந்தைய படம் இல்லை. அதனால்தான் நோயாளி மீண்டும் அழைக்கப்படுகிறார்.

இரட்டை ஆற்றல் சி.டி. இந்த இடத்தில்தான் உதவுகிறது. குறைந்த ஆற்றல், கூடுதல் ஆற்றல் என இருவகை எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஒரே நேரத்தில் உடலை அது படமெடுக்கிறது. நீர், தசை போன்றவை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். அயோடினோ குறைந்த ஆற்றலில் மிகப் பிரகாசமாகவும், கூடுதல் ஆற்றலில் மங்கலாகவும் தெரியும். இந்த வேறுபாட்டைக் கணினி கணக்கிட்டு, அயோடின் எங்கே, எவ்வளவு உள்ளது எனத் தனிப் படமாகத் தருகிறது. அயோடினைக் கழித்துவிட்டு, மருந்து செலுத்துவதற்கு முன் எடுத்தது போன்ற இன்னொரு படத்தையும் உருவாக்கிவிடுகிறது. கட்டிக்குள் அயோடின் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரே ஸ்கேனில் விடை கிடைக்கிறது. தனியாக ஒருமுறை படமெடுக்க வேண்டியதில்லை என்பதால் கதிர்வீச்சும் குறைகிறது.

இந்தச் சிந்தனை புதிதன்று. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1973-ல் வெளியான தன் கட்டுரையிலேயே, இருவேறு மின்னழுத்தங்களில் படமெடுத்தால் அயோடினையும் கால்சியத்தையும் பிரித்தறியலாம் என்று ஹவுன்ஸ்ஃபீல்ட் குறிப்பிட்டுவிட்டார். 1979-ல் ஆலன் கார்மாக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால், அந்த யோசனை மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட, இரட்டைக் கதிர்க்குழாய் கொண்ட கருவிகள் 2006 வாக்கில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கும் எல்லை உண்டு. சில புற்றுக்கட்டிகள் மிகக் குறைவாகவே அயோடினை ஏற்கும். அவை நீர்க்கட்டி போலத் தோன்றி ஏமாற்றலாம். அயோடினை ஏற்கும் எல்லாக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல. தீங்கற்ற கட்டிகள் சிலவும் அவ்வாறே தெரியும். அயோடினைக் கழிக்கும்போது சிறுநீரகக் கல்லின் சிறு துகள்கள் படத்திலிருந்து மறைந்துவிடுவதும் உண்டு. எனவே, எம்.ஆர்.ஐ., பயாப்ஸி, சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்ப்பது ஆகியவற்றின் தேவை நீங்கிவிடவில்லை. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அயோடின் மருந்து செலுத்துவதற்கு முன் கிரியாட்டினின் பரிசோதனையும் அவசியம்.

இந்த எல்லைகளுக்கு உட்பட்டே இதன் பயனை எடைபோட வேண்டும். வெயிலில் உழைப்போர் நிறைந்த கடலூர் மாவட்டம் போன்ற பகுதிகளில் அந்தப் பயன் இரட்டிப்பாகிறது. வியர்வையில் நீர் வற்றும் உடலில் சிறுநீரகக் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். அந்தக் கல் யூரிக் அமிலத்தால் ஆனதா, கால்சியத்தால் ஆனதா என்பதையும் இதே கருவி பிரித்துச் சொல்லும். யூரிக் அமிலக் கல்லை அறுவை சிகிச்சை இல்லாமல், மருந்தாலேயே கரைக்க முடியும்.

பெருநகரவாசிக்கு மறுபரிசோதனை என்பது அரைநாள் வேலை. சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரத்துக்கோ புதுச்சேரிக்கோ செல்லும் கூலித் தொழிலாளிக்கு அது ஒருநாள் ஊதியம், துணைக்கு வருபவரின் ஊதியம், பேருந்துக் கட்டணம். பலர் திரும்பி வராமலேயே இருந்துவிடக்கூடும். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குப் புதிய சி.டி. கருவி வாங்கும்போது, அதில் இரட்டை ஆற்றல் வசதி உண்டா என்பதை அரசு கணக்கில் கொள்ள வேண்டும். அந்தப் படங்களைப் படித்தறியும் பயிற்சியைக் கதிரியக்கவியல் மருத்துவர்களுக்கு அளிப்பதும் அதே அளவு முக்கியம். பயிற்சி இல்லையேல், விலை உயர்ந்த கருவியும் பழைய சாம்பல் நிறப் படத்தையே தந்துகொண்டிருக்கும்.

நோயாளிகளுக்கு ஒரு சொல்: அறிக்கையில் ‘கட்டி’ என்ற சொல்லைக் கண்டதும் கலங்க வேண்டாம், அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவும் வேண்டாம். உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் அந்த விடையைப் பொறுத்தே அமையும்.