பழைய கணிப்பொறியும் மின்வழங்கியும்

மனிதன் உண்ணும் உணவு அப்படியே உடலில் சேர்வதில்லை. வயிறும் குடலும் அதனைச் செரிக்கச் செய்த பின்னரே குருதி அதன் சத்தினை ஏற்கின்றது. அவ்வாறே, சுவரில் உள்ள மின்வாயிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணிப்பொறி நேராக ஏற்பதில்லை. அதனைத் தக்க அளவிலும் தக்க வகையிலும் மாற்றித் தரும் உறுப்பு ஒன்று அதனுள் அமைந்துள்ளது. அதற்கு மின்வழங்கி என்பது பெயர். பல்லாண்டுகள் பயன்படாமல் கிடந்த பழைய கணிப்பொறி இயங்க மறுக்குமாயின், முதற்கண் ஆராயத்தக்கது இவ்வுறுப்பே ஆகும்.

இதனை விளக்குவதற்கு ‘ஆப்பிள் 2’ என்னும் கணிப்பொறி நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் பொறியறிஞர் வகுத்த இக்கணிப்பொறி, 1977ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பெரிய நிலையங்களிலேயே பெரிதும் வழங்கிய கணிப்பொறி, வீட்டு மேசைக்கு வரத் தொடங்கிய காலம் அது. வரவு செலவுக் கணக்குகளை அட்டவணையாக இட்டுப் பார்க்க உதவும் ‘விசிகால்க்’ என்னும் செயல்நிரல் 1979ஆம் ஆண்டில் முதலில் இக்கணிப்பொறிக்காகவே வெளிவந்தது. அதனால் வணிகரும் இதனை விரும்பி வாங்கினர்.

அக்காலத்து மின்வழங்கிகள் பலவற்றில் இரும்பு உள்ளகம் கொண்ட பெரிய மின்மாற்றி இருந்தது. அது கனமானது; அத்தகைய மின்வழங்கி வெப்பத்தையும் மிகுதியாக உண்டாக்கும். வெப்பத்தைப் போக்க விசிறி வேண்டும். விசிறி இருப்பின் ஓசை எழும். ஓசையற்ற கணிப்பொறியே வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். அதற்கேற்ற மின்வழங்கியை ராட் ஹோல்ட் என்பவர் வகுத்தார். அவர் கையாண்ட முறை அதற்கு முன்பே பிற கருவிகளில் வழங்கியதுதான். எனினும், சிறிய கணிப்பொறிக்கு ஏற்ற வகையில் அதனை அமைத்த சிறப்பு அவருடையது.

அம்முறை யாது? கிணற்றிலிருந்து பெரிய சாலைக் கொண்டு மெல்ல மெல்ல நீர் இறைக்கலாம்; சிறிய செம்பைக் கொண்டு மிக விரைவாகவும் இறைக்கலாம். விரைவு மிகுந்தால் செம்பும் சாலுக்கு நிகராக நீரைத் தரும். அமெரிக்க நாட்டு மின்சாரம் நொடிக்கு 60 சுற்று அலையும் இயல்புடையது. அதனை இம்மின்வழங்கி முதலில் நேர்திசை மின்சாரமாகத் திருத்துகின்றது. பின்னர் ஒரு டிரான்சிஸ்டர் அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்துகின்றது. விரைவு இவ்வாறு மிகுவதால் சிறிய மின்மாற்றியே போதுமானதாகின்றது. முடிவில் +5, +12, −5, −12 என நான்கு வகை வோல்ட்டு அளவுகள் கிடைக்கின்றன.

இவ்வமைப்பில் மூப்பினால் பெரிதும் கெடுபவை மின்தேக்கிகள் ஆகும். ஏரி மழைநீரைத் தேக்கி வைத்து வயலுக்குச் சீராக விடுவது போல, மின்தேக்கி மின்னைத் தேக்கிச் சீராக வழங்குகின்றது. அவற்றுள் ஒருவகை, உள்ளே நீர்மம் கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நீர்மம் வற்றும். சிலவற்றில் கசிந்து அருகிலுள்ள செம்புத் தடங்களை அரிக்கும். அப்போது மின்சாரம் சீராக வாராது. திரையில் உருவம் அசையும். கணிப்பொறி இடையிடையே நின்றுவிடும். மற்றொரு வகை, மின்வழியில் இரைச்சல் பரவாமல் தடுப்பதற்காக அமைந்தது. அதன் மேலுறை நாளடைவில் வெடிப்புறும். வெடிப்பின் வழியே காற்றின் ஈரம் உள்ளிருக்கும் தாளிற் புகும். நெடுங்காலம் உறங்கிய பொறியை இயக்கிய சிறிது நேரத்தில் கடுநாற்றத்துடன் புகை எழுமாயின், பெரும்பாலும் அதற்குக் காரணம் இதுவே.

பழுது நீக்குவோர் முதலில் அறியவேண்டுவது, கருவியின் அமைப்பன்று. அதன் ஆபத்தே ஆகும். 120 வோல்ட்டு மாறுதிசை மின்சாரம் திருத்தப்பட்டபின் ஏறத்தாழ 170 வோல்ட்டு அளவில் பெரிய மின்தேக்கியில் தங்குகின்றது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது காலம் அங்கே இருக்கக்கூடும். தொட்டவர் உயிருக்கே அது ஊறு செய்யும். ஆகவே, தேர்ந்தவர் இணைப்பை நீக்கிக் காத்திருந்து, தக்க மின்தடையின் வழியே அம்மின்னை வடியச்செய்து, அளவு கருவியால் சோதித்த பின்னரே உள்ளே கை வைப்பர். மாணவர் இப்பணியில் தனித்து இறங்குதல் கூடாது.

அடுத்து வருவது கண்ணால் ஆராய்தல். உப்பிய தலை, வெடித்த உறை, பழுப்புநிறக் கறை ஆகியவை பழுதின் அடையாளங்கள். உருகுகம்பி அறுந்திருப்பின் புதியதை மாட்டிவிட்டு அமைதல் தவறு. உருகுகம்பி நோயன்று, நோயின் குறி. அது அறுந்ததற்குக் காரணம் டிரான்சிஸ்டரா, திருத்தியா என்று தேடிக் காணல் வேண்டும். மின்தேக்கியை மாற்றும்போது கொள்ளளவு முன்னதற்கு ஒத்ததாகவும், தாங்கும் வோல்ட்டு முன்னதிற் குறையாததாகவும் இருத்தல் வேண்டும். நீர்மம் கொண்ட வகையை முனை மாற்றிப் பொருத்தினால் அது சூடேறி வெடிக்கும்.

பழுது நீங்கியது என்று எண்ணியவுடன் மின்வழங்கியைக் கணிப்பொறியோடு இணைத்துவிடல் ஆகாது. முதலில் மின்வழியில் ஓர் இழைவிளக்கைத் தொடராக இணைப்பர். விளக்கு ஒருமுறை மின்னிப் பின் மங்கினால் பெரும்பழுது இல்லை எனலாம். விடாது ஒளிர்ந்தால் உள்ளே குறுக்குப் பாதை உண்டு எனத் தெளியலாம். பிறகு கணிப்பொறிக்கு மாற்றாகத் தக்க மின்தடைகளைச் சுமையாக இணைத்து, நான்கு வோல்ட்டு அளவுகளையும் ஒவ்வொன்றாக அளப்பர்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று சிலர் வினவலாம். தொடக்கக் காலத்து ஆப்பிள் 2இன் நினைவுச் சில்லுகள் +12, +5, −5 ஆகிய மூன்று அளவுகளையும் வேண்டுவன. +12 வந்து −5 வாராதொழியின் அச்சில்லுகள் கெட்டுப்போகும். மிகச் சிறிய மின்னோட்டத்தையே தருவது அந்த −5 வோல்ட்டு வழி. ஆயினும், அதனை அளக்காமல் விட்டவர், பழுதற்றிருந்த நினைவகத்தையும் தம் கையாலேயே அழித்தவர் ஆவர்.

பழையதை எறிந்துவிட்டுப் புதிய மின்வழங்கியைப் பொருத்துவாரும் உளர். அன்றாடம் இயக்குவதற்கு அதுவும் ஏற்றதே. ஆயின், ஒரு காலத்தின் அறிவுத்திறன் அப்பழைய பெட்டியினுள் அடங்கியுள்ளது என்று கருதுவோர், கெட்ட உறுப்புகளை மட்டும் மாற்றி, கழற்றியவற்றையும் குறிப்பெழுதிப் பேணுகின்றனர். எவ்வழியை மேற்கொள்ளினும் ஒழுங்கு ஒன்றே: அறிந்து தொடுதல், காரணம் தேடுதல், அளந்து தெளிதல், அதன்பின் இயக்குதல். இவ்வொழுங்கைக் கைக்கொள்வோர் தம்மையும் காத்துப் பொறியையும் காப்பர்.