சீருடைக்குள் இருக்கும் சாட்சியை யார் காப்பது?

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் வழியில் திருமயத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஜகபர் அலியின் நினைவு வருகிறது. முன்னாள் ஒன்றியக் கவுன்சிலரான அவர், சட்டவிரோதக் கல்குவாரிகள் குறித்து அதிகாரிகளிடம் தொடர்ந்து மனு அளித்துவந்தார். 2025 ஜனவரி 17 அன்று தொழுகை முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பியபோது டிப்பர் லாரி மோதி உயிரிழந்தார். முதலில் விபத்தாகக் கருதப்பட்ட மரணம் கொலை வழக்காக மாறி, சிபிசிஐடி வசம் சென்றது. திருமயம் காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அரசு அமைப்புக்கு வெளியே நின்று முறைகேட்டைச் சுட்டிக்காட்டியவருக்கு நேர்ந்த கதி இது. அப்படியென்றால், காவல் துறைக்கு உள்ளே இருந்துகொண்டே சக காவலர்களின் தவறைச் சொல்ல முன்வருபவரின் நிலை என்ன?

இதற்கு விடை தேட, 2020 ஜூன் மாதத்துச் சாத்தான்குளத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் அடுத்த சில நாள்களில் நீதிமன்றக் காவலில் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரை அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் உத்தரவின்பேரில் கோவில்பட்டி குற்றவியல் நடுவர் பாரதிதாசன் அந்த நிலையத்துக்கு நேரில் சென்றார். அங்கே கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. பதிவுகளைச் சேமிக்கப் போதுமான வசதியும் இருந்தது. ஆனால், அன்றன்றைய பதிவுகள் தாமாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன.

எஞ்சியிருந்தது மனித சாட்சி மட்டுமே. தலைமைக் காவலர் ரேவதி, தந்தையும் மகனும் இரவு முழுவதும் தாக்கப்பட்டதையும், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததையும் நடுவரிடம் தெரிவித்தார். தான் சொல்வது வெளியில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அவர் அஞ்சினார். வாக்குமூலத்தில் கையெழுத்திடவும் தயங்கினார். பாதுகாப்பு குறித்து உறுதியளிக்கப்பட்ட பிறகே கையெழுத்திட்டார் என்று நடுவரின் அறிக்கை கூறுகிறது. விசாரிக்க வந்த நடுவரையே காவலர் ஒருவர் ஒருமையில் இழித்துப் பேசிய நிலையம் அது. பின்னர், ரேவதிக்குப் பாதுகாப்பு அளிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலையமே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டது. சிபிஐ ஒன்பது காவலர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

ரேவதியின் துணிவைப் பாராட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால், அந்தத் துணிவு எப்போது வெளிப்பட்டது என்பதுதான் முக்கியம். காவல் துறையின் அதிகாரப் படிநிலைக்குக் கட்டுப்படாத ஒருவர் நேரில் வந்து கேட்டபோது, அவருக்குப் பின்னால் உயர் நீதிமன்றம் நின்றபோது, அவர் பேசினார். உயர் நீதிமன்றம் தலையிடாத வழக்குகளில் காவலர்கள் யாரிடம் பேசுவார்கள்?

பத்திரிகையிடம் பேச முடியாது. 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம், முன்அனுமதியின்றி ஊடகங்களுடன் தொடர்புகொள்ளக் காவலர்களுக்குத் தடை விதிக்கிறது. 2025 ஜூலையில் மயிலாடுதுறை மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் துணைக் கண்காணிப்பாளர் சுந்தரேசன், உயரதிகாரிகள்மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். சில நாள்களிலேயே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். துறையும் அவர்மீது குற்றச்சாட்டுகளை அடுக்கியது. எது உண்மை என்பது விசாரணைக்குரியது. ஆனால், அந்தக் காட்சியைக் கண்ட கீழ்நிலைக் காவலர்கள் எந்தப் பாடத்தைக் கற்றிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலைத் திட்ட ஊழலை அம்பலப்படுத்திய பொறியாளர் சத்யேந்திர துபே 2003இல் கொல்லப்பட்ட பிறகு எழுந்த குரல்களின் விளைவாக, முறைகேடுகளை வெளிக்கொணர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் நிறைவேறியது. புகார் தருபவரின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்க அது வகை செய்கிறது. புகார் சொன்னதற்காக ஒருவர் பழிவாங்கப்படவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை நிர்வாகத்தின்மீதே சுமத்துகிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தும், அந்தச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ரகசியமாகப் புகார் அளிக்கும் 2004ஆம் ஆண்டின் ஏற்பாடோ மாநிலக் காவலர்களுக்குப் பொருந்தாது.

மாநிலத்தின் நிலையும் நம்பிக்கை தரவில்லை. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாவட்டக் காவல் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ அந்த இடத்தில் ஆட்சியரை அமர்த்தி, காவல் கண்காணிப்பாளரையும் உறுப்பினராக்கியது. ஒரு காவலர், தன் கண்காணிப்பாளரின் கீழுள்ள நிலையத்தைப் பற்றி அதே கண்காணிப்பாளர் அமர்ந்திருக்கும் குழுவிடம் எப்படிப் புகார் சொல்வார்?

பொய்ப் புகார்களால் நேர்மையான அதிகாரிகள் பாதிக்கப்படக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. சுதந்திரமான விசாரணை அமைப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. மத்திய அரசு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திராமல், தமிழக அரசு புகார் ஆணையங்களை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைத்து, காவலர்களும் அடையாளம் கசியாமல் அவற்றை அணுக வழிசெய்ய வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் ஏதோ ஒரு நிலையத்தில் நேற்றிரவு நடந்ததைச் சொல்ல விரும்பும் காவலர் ஒருவர், யாரிடம் போவது என்று என்னைக் கேட்டால், இன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு முகவரி இல்லை.