புளோக் வளைகிறதா? சேலை நிறம் மாறுகிறதா?

அகலக் கோண லென்ஸில் வீவக புளோக்கைப் படமெடுக்கிறீர்கள். நேரான சுவர் பீப்பாய் போலப் புடைத்து நிற்கிறது. திருமணப் படத்தில் அம்மாவின் கிளிப்பச்சைப் பட்டு, கணினியில் ஒரு நிறம், கைப்பேசியில் வேறு நிறம். என்னதான் பிரச்சினை?

வளைவு ஏன்?

அது லென்ஸின் குணம். ஓரங்களில் இருட்டும் நிறக் கசிவும்கூட வரலாம். டார்க்டேபிள் என்ற இலவச, திறந்தமூல மென்பொருள் 'லென்ஸ்ஃபன்' தரவுத்தளத்தில் உங்கள் கேமரா, லென்ஸ் விவரங்களைத் தேடிப் படத்தைச் சரிசெய்யும். கவனம்: தவறான லென்ஸைத் தேர்ந்தெடுத்தால் நேர்கோடும் வளையலாம்!

நிறம் ஏன் மாறுகிறது?

படத்தில் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண் எந்த நிறம் என்று சொல்வது, படத்துடன் வரும் 'ஐசிசி' நிறக்குறிப்பு. அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படத்தை, அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாத செயலி திறந்தால் பச்சை மங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

• மூல 'ரா' கோப்பை அழிக்காதீங்க.

• இணையத்தில் பகிரும் படத்தை எஸ்ஆர்ஜிபியில் சேமியுங்கள். பெரும்பாலான திரைகளும் செயலிகளும் எதிர்பார்ப்பது அதைத்தான்.

• திரையின் நிறத்தை அளவுக் கருவி கொண்டு சரிபாருங்கள்.

திரையே தப்பா காட்டினால், நீங்கள் திருத்துவது படத்தை இல்ல, திரையின் குறையை!