கேள்வித்தாளுக்கும் தேர்வு உண்டு

மலேசியாவில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருக்கலாம். 2015-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்ன செய்தி இது. துல்லியமான எண் 29.2 விழுக்காடு. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019-இல், அதே சுகாதார அமைச்சின் அதே ஆய்வு இன்னொரு எண்ணைத் தந்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் 2.3 விழுக்காடு.

இடையில் என்ன நடந்தது? நாட்டு மக்கள் எல்லாரும் குணமாகிவிட்டார்களா?

இல்லை. மாறியது கேள்வித்தாள்.

2015-இல் பயன்பட்டது ஜிஎச்கியூ-12. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் டேவிட் கோல்ட்பர்க் 1970-களில் உருவாக்கிய பொதுநலக் கேள்வித்தாளின் 12 கேள்வி வடிவம் அது. தூக்கம் கெட்டவர், கவலையில் இருப்பவர், எதிலும் மனம் ஒன்றாதவர் என்று பலவகை மனத்துயரையும் வாரிக்கொள்ளும் அகன்ற வலை. 2019-இல் பயன்பட்டது பிஎச்கியூ-9. மனச்சோர்வு என்ற ஒன்றை மட்டும் தேடும் 9 கேள்விகள். இரண்டு வலைகளில் விழும் மீன்கள் வேறு. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று யாரும் சொல்ல முடியாது.

2023-இல் மனச்சோர்வு 4.6 விழுக்காடு என்று வந்தது. இம்முறையும் பிஎச்கியூ-9தான். அதனால் "2019-ஐவிட இரட்டிப்பாகியிருக்கிறது" என்று சொல்லும்போது அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது.

இதெல்லாம் ஆய்வாளர்களின் கவலை, நமக்கென்ன என்று கேட்கலாம். ஆனால் இந்தத் தாள்கள் இப்போது நம் வீடு வரை வந்துவிட்டன. கர்ப்பிணிகள் கிளினிக்கில் நிரப்புகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் ஆலோசகர் அறையில் நிரப்புகிறார்கள். அலுவலகத்தில் 'நலவாழ்வு வாரம்' என்று சொல்லி ஊழியர்களுக்கு அனுப்புகிறார்கள். மைசெஜாத்ரா செயலியிலும் மனநலக் கேள்விகள் வந்தன. கடைசியில் ஒரு மதிப்பெண், பக்கத்தில் 'மிதமானது', 'கடுமையானது' என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லைப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவர்களும் உண்டு. 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று நிம்மதியாகி, தேவையான உதவியைத் தேடாமல் விட்டவர்களும் உண்டு.

ஆகவே, நம்மைச் சோதிக்கும் தாளை யார் சோதித்தார்கள் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

ஒரே அளவு வருமா?

தையல்காரரின் அளவு நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாடா ரப்பரால் ஆனதாக இருந்தால், காலையில் இடுப்பு 32 வரும், மாலையில் 35 வரும். அதை வைத்து ரவிக்கை தைக்க முடியாது. அளவுகோல் ஒன்றுக்கு முதலில் வேண்டியது, மாறாத ஒன்றை எத்தனை முறை அளந்தாலும் ஏறக்குறைய அதே அளவு வருவது. இதைத்தான் நம்பகத்தன்மை என்கிறார்கள்.

கேள்வித்தாளில் இதை எப்படிச் சோதிப்பது? ஒரு வழி, அதே ஆளிடம் சில நாட்கள் இடைவெளியில் மறுபடியும் கேட்பது. இடைவெளி அதிகமானால் ஆளின் மனநிலையே மாறியிருக்கும். குறைவானால் முதல் பதிலை நினைவில் வைத்துச் சொல்லிவிடுவார். பிஎச்கியூ-9 முதன்முதலில் சோதிக்கப்பட்டபோது 48 மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டார்கள். இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.84. முழுப் பொருத்தம் என்றால் 1 வரும். எனவே இது நல்ல எண்.

இன்னொரு வழி, தாளில் உள்ள கேள்விகள் ஒரே திசையில் இழுக்கின்றனவா என்று பார்ப்பது. ஒரு குழுவில் எட்டுப் பேர் ஒரு பக்கமும் ஒருவர் மட்டும் வேறு பக்கமும் போனால், அந்த ஒருவர் இந்தக் குழுவைச் சேர்ந்தவர்தானா என்ற சந்தேகம் வரும் அல்லவா? கேள்விகளுக்கும் அப்படித்தான். அமெரிக்க உளவியலாளர் லீ குரோன்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற 'ஆல்ஃபா' என்ற எண் இதைத்தான் காட்டுகிறது. 0.7-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது பொதுவான வழக்கம்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே கேள்வியைச் சொல்மாற்றிப் பத்து முறை கேட்டாலும் ஆல்ஃபா உயரும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே அது சொல்லும். சரியான பொருளை அளக்கின்றனவா என்று சொல்லாது.

எதை அளக்கிறது?

மறுபடியும் நாடாவுக்கு வருவோம். இம்முறை நல்ல துணி நாடா, நீளாது, சுருங்காது. ஆனால் முதல் ஓர் அங்குலம் கிழிந்துபோய் 1-இல் இருந்து தொடங்குகிறது. எத்தனை முறை அளந்தாலும் ஒரே அளவு வரும். ஒவ்வொரு முறையும் தவறாகத்தான் வரும். நம்பகத்தன்மை இருக்கிறது, ஏற்புடைமை இல்லை. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்பதே ஏற்புடைமை.

இதைச் சோதிக்க, தாள் சொல்வதை அதைவிடச் சிறந்த ஒன்றோடு ஒப்பிட வேண்டும். மனநலத்தில் அது, பயிற்சி பெற்ற வல்லுநர் நேரடியாகப் பேசிக் கண்டறிவது. 2001-இல் வெளியான பிஎச்கியூ-9 ஆய்வில் 6,000 நோயாளிகள் தாளை நிரப்பினார்கள். அவர்களில் 580 பேரிடம் மனநல வல்லுநர்கள் தொலைபேசியில் தனியாகப் பேசினார்கள். 27-க்கு 10 மதிப்பெண்ணை எல்லையாக வைத்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரைத் தாள் சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 88 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட்டது.

88 என்றால் நல்ல மதிப்பெண்தானே? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அலுவலகத்தில் 1,000 பேர். அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாள் அவர்களில் 44 பேரைப் பிடிக்கும், 6 பேரைத் தவறவிடும். மீதி 950 பேரில் 12 விழுக்காட்டினரை, அதாவது 114 பேரை, மனச்சோர்வு இல்லாமலேயே 'இருக்கிறது' என்று காட்டும். மொத்தம் 158 பேருக்குச் சிவப்பு எழுத்தில் முடிவு வரும். அவர்களில் உண்மையாக நோய் உள்ளவர்கள் 44 பேர்தான். நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

இதனால் தாள் மோசம் என்று பொருளில்லை. 1,000 பேரிடமும் ஒரு மருத்துவர் உட்கார்ந்து பேச முடியாது. 158 பேரிடம் பேச முடியும். தாளின் வேலை சல்லடையின் வேலை. சலித்த பிறகு பொறுக்கி எடுப்பது மனிதரின் வேலை.

'எப்போதும் போலத்தான்'

வானொலியில் கேள்வி கேட்பதே என் தொழில். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் நேயர் "நல்லா இருக்கேன்" என்பார். "நேத்து ராத்திரி எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். கேள்வியின் சொல் மாறினால் பதிலும் மாறும்.

ஜிஎச்கியூ-12-இல் பல கேள்விகள் 'வழக்கத்தைவிட' எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கின்றன. பத்து ஆண்டுகளாகச் சரியாகத் தூங்காத ஓர் அம்மா என்ன சொல்வார்? "எப்போதும் போலத்தான்". அந்தப் பதிலுக்கு மதிப்பெண் பூஜ்யம். நீண்டகாலத் துயரம் இந்தச் சல்லடையில் நழுவிப்போக வாய்ப்புண்டு என்பது ஆய்வாளர்களே எழுப்பிய குறை.

மொழிபெயர்ப்பு என்று வந்தால் சிக்கல் இன்னும் கூடும். ஆங்கிலத்தில் மனம் வாடியிருப்பதை 'நீலம்' என்பார்கள். மேல்நாட்டுக் கேள்வித்தாள் ஒன்றில் அந்த 'நீலத்தை' உதற முடியவில்லை என்று ஒரு வரியே இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நம் பாட்டி புடவையின் நிறத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். நம்மவர்கள் மனத்துயரை "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் அசதியா இருக்கு", "மனசே சரியில்ல" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு தாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் முறையாகச் செய்பவர்கள் முதலில் மொழிபெயர்ப்பார்கள். பிறகு, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுவார்கள். சாதாரண மக்கள் சிலரிடம் கொடுத்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரிந்தது, சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். கடைசியில் அந்த ஊர் மக்களிடமே மருத்துவரின் முடிவோடு ஒப்பிட்டுச் சோதிப்பார்கள். பிஎச்கியூ-9-இன் மலாய் வடிவம் இப்படி மலேசியக் கிளினிக்கில் சோதிக்கப்பட்டு 2012-இல் அதன் முடிவு வெளியானது.

தமிழில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பிரசவித்த தாய்மார்களின் மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது எடின்பர்க் அளவுகோல். 10 கேள்விகள், 30 மதிப்பெண். பிரிட்டனில் 13-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். அதன் தமிழ் வடிவத்தைத் தமிழ்நாட்டில் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு, எல்லை 9 என்று இருந்தால்தான் சரியாக வரும் என்று கண்டது. யோசித்துப் பாருங்கள். பிரிட்டன் எல்லையை அப்படியே வைத்திருந்தால், 9 முதல் 12 வரை எடுத்த தாய்மார்கள் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

நம் கிளினிக்குகளில் இன்னொன்றும் நடக்கிறது. தாதி மலாயில் கேட்கிறார், மகள் தமிழில் சொல்கிறார், அம்மா தலையாட்டுகிறார். மகள் அங்கேயே செய்த மொழிபெயர்ப்பை யாரும் சோதிக்கவில்லை. அதுமட்டுமா, மருமகளைப் பற்றியோ கணவரைப் பற்றியோ உள்ள மனக்குறையை மகள் முன்னால் எந்த அம்மா சொல்வார்?

பாட்டிக்கு மறதி நோயா, பள்ளிக்கூடம் போகாததா?

முதியவர்களின் நினைவாற்றலைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் ஒரு தேர்வு 1975-இல் அமெரிக்காவில் வந்தது. 30 மதிப்பெண். அதில் ஒரு கேள்வி: இது என்ன பருவம்? நான்கு பருவங்கள் இல்லாத நாட்டில் இதற்கு என்ன பதில்? 1972-இல் பிரிட்டனில் வந்த இன்னொரு தேர்வு முதல் உலகப்போரின் ஆண்டையும் அந்நாட்டு அரசரின் பெயரையும் கேட்டது. ஜப்பான்காரன் காலத்தை நேற்று நடந்ததுபோலச் சொன்ன நம் தோட்டத்துப் பெரியவர்கள் அந்தக் கேள்வியில் தோற்றிருப்பார்கள்.

முதல் தேர்வில் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும், ஒரு வடிவத்தைப் பார்த்து வரையவும் சொல்கிறார்கள். பால்மரம் வெட்டப் போனதால் இரண்டாம் வகுப்போடு நின்ற பாட்டி இதில் மதிப்பெண் இழப்பது மறதியால் அல்ல. மறுபக்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு நோய் தொடங்கியிருந்தாலும் படிப்பின் பலத்தால் நல்ல மதிப்பெண் வந்துவிடலாம். சிங்கப்பூரில் பேராசிரியர் குவா ஈ ஹியோக்கும் சக ஆய்வாளரும் வளரும் நாடுகளின் முதியவர்களுக்கென்றே 10 கேள்விகள் கொண்ட தேர்வை உருவாக்கி 1992-இல் வெளியிட்டதற்குப் பின்னால் இந்தச் சிக்கல்தான் இருந்தது. பெற்றோரை இத்தகைய சோதனைக்கு அழைத்துப் போகும்போது, அவர்கள் எத்தனை ஆண்டு படித்தார்கள், எந்த மொழியில் படித்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

'அப்படியே என்னைப் பற்றிச் சொல்கிறது!'

கைப்பேசியில் சுற்றிவரும் 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' வகைத் தேர்வுகளை மட்டும் யாரும் சோதிப்பதில்லையே, ஏன் நம்புகிறோம்? 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு கொடுப்பதாகச் சொன்னார். எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்கு மாணவர்கள் சராசரியாக 5-க்கு 4.3 அளவுக்குப் பொருத்தம் என்றார்கள். பிறகுதான் உண்மையைச் சொன்னார். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்.

'பொருத்தமாக இருக்கிறது' என்ற நம் உணர்வு ஏற்புடைமைக்குச் சான்று ஆகாது.

அடுத்த முறை தாள் கைக்கு வந்தால்

இதன் பெயர் என்ன, எதை அளக்கிறது என்று கேளுங்கள். பெயரே இல்லாத தாள் என்றால் அதன் மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் நிரப்பும் மொழி வடிவம் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கேள்வி எத்தனை நாட்களைப் பற்றிக் கேட்கிறது என்று பாருங்கள். பிஎச்கியூ-9 கடந்த இரண்டு வாரங்களை மட்டும் கேட்கிறது. இரவு வேலை, கர்ப்பம், இனிப்புநீர், மருந்து ஆகியவற்றாலும் அசதியும் தூக்கமின்மையும் வரும் என்பதால் அவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலாளி கொடுக்கும் தாள் என்றால் பதில்களை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள். பயந்து எழுதிய பதிலால் உங்களுக்கும் பயனில்லை, அவர்களுக்கும் பயனில்லை.

மதிப்பெண் அதிகம் என்றால் அது தீர்ப்பு அல்ல. ஒருவரிடம் பேச வேண்டும் என்ற அழைப்பு. மதிப்பெண் குறைவு, ஆனால் மனம் தாங்கவில்லை என்றால் தாளை நம்பாதீர்கள், மனத்தை நம்புங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் எந்த மதிப்பெண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம். மலேசியாவில் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. சிங்கப்பூரில் 1767. அங்கே மறுமுனையில் இருப்பவர் உங்களுக்கு மதிப்பெண் போடமாட்டார், நீங்கள் சொல்வதைக் கேட்பார்.