கை ஈரம் காய்வதற்குள் பசி

பசி வயிற்றில் தெரிந்தாலும் அதை ஆட்டுவிப்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். இரைப்பை காலியாகும்போது அதில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து, சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்ற செய்தியை ரத்தம் வழியாக அங்கே கொண்டுசேர்க்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் மசயாசு கோஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் இந்த ஹார்மோனை 1999இல் கண்டறிந்தார்கள். சாப்பாடு உள்ளே போனதும் எதிர்ச் செய்திகள் கிளம்புகின்றன. இரைப்பை விரிவதை நரம்புகள் தெரிவிக்கின்றன. குடலில் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரந்து 'போதும்' என்கின்றன. உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் உள்ளது என்ற கணக்கைச் சொல்வது லெப்டின். அதை 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

கை ஈரம் காய்வதற்குள் மறுபடி பசிக்கிறது என்று ஒருவர் சொன்னால், இந்தச் செய்திகளில் ஏதோ ஒன்று வலுவில்லாமலோ தாமதமாகவோ போகிறது என்று கொள்ளலாம். அவரைத் தீனிப்பண்டாரம் என்று வீட்டில் ஏசுவது அநியாயம். காரணம் பெரும்பாலும் அன்றாடப் பழக்கங்களில் இருக்கிறது. பழக்கத்தில் வந்ததைப் பழக்கத்தால் மாற்றவும் முடியும்.

பலருக்குச் சிக்கல் காலைப் பலகாரத்திலேயே ஆரம்பிக்கிறது. எட்டு மணிக்கு நான்கு இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டவருக்குப் பத்தரைக்கெல்லாம் வயிறு கிள்ளுகிறது. 'இட்லி பசி தாங்காது' என்ற பேச்சு சும்மா வந்ததல்ல. புளித்து ஆவியில் வெந்த மாவு எளிதில் செரிக்கும். காய்ச்சல்காரருக்கு இட்லி கொடுப்பது அதற்காகத்தான். அதே குணம் வேலைக்குப் போகிறவருக்குப் பாதகமாகிறது. மாவுச்சத்து சீக்கிரம் குளுக்கோஸாக மாறி ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. அதை இறக்க இன்சுலின் சுரக்கிறது. சிலருக்குச் சர்க்கரை பழைய அளவுக்கும் கீழே போய்விடுகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் இந்த இறக்கம் பெரிதாக இருந்தவர்கள், சிறிதாக இருந்தவர்களைவிட அன்று முழுக்கச் சராசரியாக 312 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். ஒரே உணவு ஒருவருக்குத் தாங்குவதும் இன்னொருவருக்குத் தாங்காததும் உடல்வாகைப் பொறுத்தது என்பதும் அதில் தெரிந்தது.

இட்லியை விட வேண்டியதில்லை. அதன் கூட வருவதை மாற்றினால் போதும். நான்கு இட்லியில் சுமார் 8 கிராம் புரதம்தான் கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை; அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம். இட்லியில் ஒன்றைக் குறைத்து, துவரம்பருப்பு தாராளமாகப் போட்ட கெட்டிச் சாம்பாரும் ஓர் அவித்த முட்டையும் சேர்த்தால் அதே தட்டு மதியம் வரை தாங்கும். முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் இருக்கிறது. வேகவைத்த கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் உண்டு. கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து எல்லாம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து வார்க்கும் அடை இரண்டு சாப்பிட்டால் மதியச் சாப்பாடே தள்ளிப்போகும் என்று வீடுகளில் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் அடங்குகிறது. புரதம் குடலின் 'போதும்' ஹார்மோன்களை நன்றாகத் தூண்டுகிறது. நார்ச்சத்து தண்ணீரை இழுத்து ஊதி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று நாடு தழுவிய ஆய்வு 2025இல் கண்டது. ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு கரண்டி பொரியல் என்ற அளவை மாற்றாமல் பசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எந்த உணவு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் அளந்து பார்த்தார். 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை வயிறு நிறைந்த உணர்வு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார். 1995இல் வெளியான அந்தப் பட்டியலில் வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண். வெண்ணெய் ஊறிய குரோசானுக்கு 47தான். முதலிடம், 323 மதிப்பெண்ணுடன், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு! எடைக்குப் பயந்து பலரும் ஒதுக்கும் கிழங்கு அது. தண்ணீர் நிறைந்து கனமாக இருப்பதால் கொஞ்சம் கலோரியிலேயே வயிறு நிறைகிறது. அதே கிழங்கை மெல்லியதாகச் சீவி எண்ணெயில் பொரித்தால் தண்ணீர் போய், கலோரி பல மடங்காகி, ஒரு பாக்கெட் தீர்ந்தும் வயிறு அப்படியே இருக்கும். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இந்த வகைத் தீனிக்கு அச்சாகப் பொருந்தும்.

பாக்கெட் உணவு பசியை எப்படிக் கெடுக்கிறது என்பதை அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2019இல் காட்டினார். 20 பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவையும் இரண்டு வாரம் சமையலறையில் சமைத்த உணவையும் கொடுத்தார். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் ஒருவர் நாளுக்குச் சராசரியாகச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். அந்த உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டிருந்தார்கள்.

வேகம் சின்ன விஷயமல்ல. சாப்பிட ஆரம்பித்துக் குடலின் செய்தி மூளையில் முழுதாகப் பதிய ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். கைப்பேசியைப் பார்த்தபடி ஏழு நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு அந்தச் செய்தி வருமுன்பே இரண்டாவது முறை சோறு விழுந்துவிடுகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பழமொழிக்கு உடலியல் துணை நிற்கிறது. சாப்பிடும் வரிசையும் உதவும். முதலில் பொரியல், கூட்டு, கீரை, பிறகு பருப்பு, கடைசியில் சோறு என்று போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். பந்தி இலையில் சோறு வருமுன் கறிவகைகளை வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால் இதைப் பழகுவது கடினமல்ல.

குடிப்பதில் வரும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று நாளுக்கு நான்கு டீ குடித்தால் சுமார் 160 கலோரி சர்க்கரையிலிருந்தே வரும், பசியோ குறையாது. பதினொரு மணி டீயோடு இரண்டு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ கொய்யாவோ, அல்லது உப்புப் போட்ட நீர்மோரோ வைத்துப் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிப்பது சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, சாப்பிடும் அளவைக் கொஞ்சம் குறைக்கிறது. அதற்கு மேல் தண்ணீரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பசிக்கு நேரம் தெரியும். வழக்கமான சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் கிரெலின் ஏறி, சாப்பிட்டதும் இறங்குவதை 2001இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு படம்பிடித்தது. வேளைகள் ஒழுங்காக இருந்தால் பசியும் ஒழுங்குக்கு வரும். காலையை விட்டு, மதியத்தை டீயில் ஓட்டி, இரவு பத்தரைக்குப் பரோட்டாவில் முடிப்பவருக்கு நாள் முழுக்க நச்சரிப்பு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பசி அடங்காதவர்கள் தூக்கத்தைப் பார்க்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க வைத்துச் சோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, லெப்டின் 18 சதவீதம் குறைந்து, கிரெலின் 28 சதவீதம் கூடியது; பசி உணர்வு 24 சதவீதம் ஏறியது. இரவுப் பணிக்காரர்களும் கைக்குழந்தையுள்ள தாய்மாரும் இனிப்புக்கும் மாவுப் பண்டத்துக்கும் ஏங்குவதில் இதற்கும் பங்குண்டு. மனக் கவலையும் இதே திசையில் தள்ளும். வந்திருப்பது வயிற்றுப் பசியா, வாய்ப் பசியா என்று தெரிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுண்டலோ இட்லியோ கிடைத்தாலும் போதும் என்றால் வயிற்றுப் பசி. முறுக்கோ ஐஸ்கிரீமோதான் வேண்டும் என்றால் வாய்ப் பசி. பின்னது பத்து நிமிட நடையில் பெரும்பாலும் தணியும்.

வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், உடலுழைப்பாளிகள் ஆகியோரின் பசி நியாயமானது. அதை அடக்கக் கூடாது. கடும் பட்டினி கிடந்து எடை குறைத்தவருக்குப் பசி மாதக்கணக்கில் கூடியே இருக்கும்.

பழக்கங்களை மாற்றிப் பார்த்தும் அகோரப் பசி போகாமல், கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு இருந்தால் சர்க்கரை நோய்க்கான பரிசோதனை தேவை. படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டு பரிசோதனை. ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் பசியைத் தூண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும். ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரெனப் பசித்து, வியர்த்து, கை நடுங்கினால் அது சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. அப்போது பசியைத் தள்ளிப்போடும் எந்த யோசனையும் கூடாது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.